ஏட்டில் பெயர் ஏறிய கதை
மத்திய தொழிலாளர் அமைச்சகம் வளர்ந்த விதம்

புதுடில்லி ரபி மார்க்கில் 'சிரம் சக்தி பவன்' என்று ஒரு கட்டிடம் உண்டு. உழைப்பின் வலிமை என்று அதற்குப் பொருள். மத்திய தொழிலாளர் அமைச்சகம் நெடுங்காலமாக இயங்கிவந்த இடம் அது.

மும்பையிலுள்ள நம்மவர்களில் அந்தக் கட்டிடத்தின் படியேறியவர்கள் மிகச் சிலரே இருப்பார்கள். ஆனால் சம்பளச் சீட்டில் பி.எப். என்று பிடிக்கும் தொகையும், ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியில் காட்டும் அட்டையும், குமாஸ்தாவின் பஞ்சப்படிக்கு ஆதாரமான விலைவாசிப் புள்ளியும் அந்த அமைச்சகத்தின் கீழுள்ள அலுவலகங்களிலிருந்து வருபவைதான்.

அந்த அமைச்சகத்தின் பழைய கதையைப் புரட்டினால் ஒரு கேள்வி திரும்பத் திரும்பத் தலைகாட்டும். யார் பெயர் ஏட்டில் இருக்கிறது? யார் பெயர் விட்டுப்போயிற்று? சட்டம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும், முதலாளியின் மஸ்டர் ரோலில் பெயர் இல்லாதவனுக்கு அதனால் ஒரு காசுப் பயன் இல்லை. ஊர் விட்டு ஊர் வந்து பிழைப்பவனுக்கு இது மற்றவர்களைவிட நன்றாகத் தெரியும்.

பெரம்பூரில் மூண்ட வழக்கு

முதலில் இலாகாவும் கிடையாது, மந்திரியும் கிடையாது. 1881-ல் வந்த முதல் பாக்டரி சட்டம் முக்கியமாகக் குழந்தைத் தொழிலாளரைப் பற்றியது. வேலையில் கை கால் போனால் நஷ்டஈடு என்ற பேச்சே 1923-ல்தான் சட்டமாயிற்று.

இதற்கிடையில் சென்னைப் பெரம்பூரில் ஒரு காரியம் நடந்தது. 1918 ஏப்ரலில் பக்கிங்காம், கர்னாடிக் மில் தொழிலாளர்கள் சென்னைத் தொழிலாளர் சங்கத்தைத் தொடங்கினார்கள். பி.பி. வாடியா தலைவர். திரு.வி.க. உடன் நின்றார். முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கம் என்று இதைத்தான் பலரும் குறிப்பிடுகிறார்கள். மில் நிர்வாகம் ஐகோர்ட்டுக்குப் போய், தொழிலாளரைத் தூண்டக்கூடாது என்று சங்கத் தலைவர்கள்மீது தடையுத்தரவு வாங்கியது. சம்பளம் கேட்கச் சொன்னது குற்றமாகிவிட்டது!

அந்த அதிர்ச்சிதான் என்.எம். ஜோஷியை மத்திய சட்டசபையில் எழுந்து பேச வைத்தது. சங்கங்களுக்குச் சட்டப் பாதுகாப்பு வேண்டும் என்று அவர் 1921-ல் தீர்மானம் கொண்டுவந்தார். அது 1926-ல் தொழிற்சங்கச் சட்டமாக வந்து சேர்ந்தது. சங்கத்தின் பெயர் முதன்முறையாக அரசாங்க ஏட்டில் ஏறியது.

மற்றொரு நெருக்குதல் வெளிநாட்டிலிருந்து வந்தது. 1919-ல் சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனம் அமைந்தபோது இந்தியாவும் அதில் உறுப்பு நாடாயிற்று. ஆண்டுதோறும் ஜினீவாவுக்குப் பதில் எழுத வேண்டிய கடமை வெள்ளைக்கார சர்க்காருக்கு ஏற்பட்டது. தபால், தந்தி, பொதுப்பணி எல்லாவற்றோடும் சேர்த்து 'தொழில் - தொழிலாளர் இலாகா' என்று ஒன்று இருந்தது. 1929-ல் விட்லி தலைமையில் வந்த ராயல் கமிஷன் ஊர் ஊராகச் சுற்றிச் சாட்சியம் வாங்கியது. சீனிவாச சாஸ்திரியார் அதில் ஓர் அங்கத்தினர். 1931-ல் வந்த அதன் அறிக்கைதான் பிற்காலச் சட்டங்கள் பலவற்றுக்கு மூலம்.

1937 நவம்பரில் அந்த இலாகாவை இரண்டாகப் பிரித்தார்கள். போக்குவரத்துத் தொடர்பு ஒரு பக்கம் போயிற்று. தொழிலாளர் இலாகா தனியாக நின்றது. இன்றைய அமைச்சகத்தின் பிறந்த தேதி என்று எதையாவது சொல்ல வேண்டுமானால் இதைத்தான் சொல்லலாம்.

ரெயில்வேக்காரர்கள் கேட்ட பஞ்சப்படி

இரண்டாம் உலக யுத்தம் தொடங்கியதும் அரிசி, துணி விலையெல்லாம் ஏறியது. பம்பாயைத் தலைமையிடமாகக் கொண்ட ஜி.ஐ.பி. ரெயில்வே தொழிலாளர்கள் பஞ்சப்படி கேட்டார்கள். அதை விசாரிக்க 1940-ல் நீதிபதி பி.என். ராவ் தலைமையில் ஒரு விசாரணைக் கோர்ட் அமைந்தது. பின்னாளில் அரசியல் சட்டத்துக்கு ஆலோசகராக இருந்தவரும் இவரே.

ராவ் கோர்ட்டுக்கு ஒரு சங்கடம். விலை ஏறிவிட்டது என்று எல்லோரும் சொல்கிறார்கள். எவ்வளவு ஏறியது என்று நாடு முழுவதற்கும் ஒரே முறையில் கணக்கு வைத்தவர் எவரும் இல்லை. ஆகவே, முக்கிய ஊர்களில் தொழிலாளர் குடும்பம் எதை வாங்குகிறது, என்ன விலை கொடுக்கிறது என்று ஒழுங்காகக் கணக்கெடுக்க வேண்டுமென்று அது சிபாரிசு செய்தது. அதிலிருந்து வளர்ந்ததுதான் சிம்லாவில் 1946 அக்டோபரில் அமைந்த லேபர் பீரோ.

இன்றைக்கு மத்திய சர்க்கார் குமாஸ்தா ஜனவரியிலும் ஜூலையிலும் எதிர்பார்க்கும் பஞ்சப்படி அந்த பீரோவின் புள்ளியை வைத்துத்தான். 1960-ஐ அடிப்படை ஆண்டாக வைத்தபோது 50 ஊர்களில் விலை எடுத்தார்கள். பிறகு 1982, 2001 என்று அடிப்படை மாறியது. 2016 அடிப்படையில் 88 ஊர்கள். ஜி.ஐ.பி. ரெயில்வே என்ற பெயர் 1951-லேயே மறைந்து மத்திய ரெயில்வே ஆகிவிட்டது. அந்தத் தொழிலாளர்கள் கேட்ட கேள்விக்கு மட்டும் மாதாமாதம் இன்னும் பதில் வந்துகொண்டிருக்கிறது.

ரெயில்வேக்கும் இந்த இலாகாவுக்கும் வேறொரு உறவும் உண்டு. 1945 ஏப்ரலில் தலைமைத் தொழிலாளர் கமிஷனர் அலுவலகத்தை ஏற்படுத்தியபோது, அதற்கு முன்பிருந்த ரெயில்வே சமரச அதிகாரி, ரெயில்வே தொழிலாளர் மேற்பார்வையாளர் ஆகிய பதவிகளைச் சேர்த்தே கட்டினார்கள். டில்லியில் ஒரு தலைமைக் கமிஷனர், பம்பாய், கல்கத்தா, லாகூரில் ஆளுக்கு ஒரு பிராந்தியக் கமிஷனர், 8 சமரச அதிகாரிகள், 23 இன்ஸ்பெக்டர்கள். பர்மா எல்லையிலிருந்து பெஷாவர் வரை பரந்து கிடந்த தேசத்துக்கு 23 பேர்! ரெயில்வே, சுரங்கம், துறைமுகம் என்று மத்திய அரசின் பொறுப்பில் இருந்த எல்லா இடங்களுக்கும் அவ்வளவுதான்.

அம்பேத்கரின் நான்கு ஆண்டுகள்

1942 ஜூலையில் டாக்டர் அம்பேத்கர் வைசிராய் நிர்வாக சபையில் தொழிலாளர் பொறுப்பை ஏற்றார். பம்பாய் பரேல் சாலில் குடும்பத்தோடு வாழ்ந்து, மில் தொழிலாளர் வாழ்க்கையைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர் அவர்.

ஆகஸ்டு 7-ந் தேதி டில்லியில் அவர் தலைமையில் முத்தரப்பு மாநாடு கூடியது. அரசாங்கம், முதலாளிகள், தொழிலாளர்கள் ஆகிய மூவரும் ஒரே மேஜையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். அதே நாளில் பம்பாய் கோவாலியா டாங்க் மைதானத்தில் காங்கிரஸ் கமிட்டியும் கூடியது. மறுநாள் 'வெள்ளையனே வெளியேறு' தீர்மானம் நிறைவேறியது. அந்தப் பரபரப்பில் டில்லி மாநாடு அமுங்கிப்போனதில் வியப்பில்லை. ஆனால் மாகாணத்துக்கு மாகாணம் வேறுபட்டுக் கிடந்த தொழிலாளர் சட்டங்களை ஒரே மாதிரியாக்க வேண்டும் என்ற பேச்சு அந்த மேஜையிலிருந்துதான் வேகம் பிடித்தது.

தொழிற்சாலைகளில் வாரத்துக்கு 54 மணி என்றிருந்ததை 48 ஆகக் குறைத்த 1946 திருத்தச் சட்டமும், குறைந்தபட்சக் கூலி மசோதாவும் அவர் காலத்து வேலைகளே. யுத்தத்திலிருந்து திரும்பும் சிப்பாய்களுக்கு வேலை தேடித்தர 1945-ல் எம்ப்ளாய்மெண்ட் எக்ஸ்சேஞ்சுகள் திறக்கப்பட்டன. சில ஆண்டுகளில் அவை எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டன. பதிவு அட்டையைப் புதுப்பித்துப் புதுப்பித்துத் தலை நரைத்தவர்கள் ஒவ்வொரு குடும்பத்திலும் உண்டு. அந்த அட்டைக்கு ஆதிமூலம் யுத்தம்தான்.

எல்லாமே ஏறுமுகம் என்று எழுதிவிட முடியாது. பெண்களைச் சுரங்கத்துக்குள் இறக்கக்கூடாது என்றிருந்த தடையை, நிலக்கரி போதவில்லை என்று 1943-ல் சர்க்கார் தளர்த்தியது. நாட்டிலும் வெளிநாட்டிலும் கடுமையான கண்டனம் எழுந்தது. தடை மீண்டும் வந்தது 1946-ல்தான். சட்டசபையில் இதற்குப் பதில் சொல்ல வேண்டிய பொறுப்பும் அம்பேத்கர்மேல்தான் விழுந்தது.

ரூபாய்க்கு ஓரணா

1946 செப்டம்பரில் இடைக்கால சர்க்கார் அமைந்தபோது ஜகஜீவன் ராம் தொழிலாளர் மந்திரியானார். அப்போது அவருக்கு 38 வயது. தொழில் தகராறு சட்டம் 1947-ல், குறைந்தபட்சக் கூலிச் சட்டம், புதிய பாக்டரி சட்டம், ஈ.எஸ்.ஐ. சட்டம் ஆகியவை 1948-ல் வந்தன. இரண்டே ஆண்டுகளில் இத்தனை சட்டங்கள் வந்தது அதற்குப் பிறகு அபூர்வம். துறைமுகத்தில் தினக்கூலிக்கு நின்றவர்களைப் பட்டியலில் பதிந்து, முறை வைத்து வேலை கொடுக்கும் சட்டமும் 1948-ல்தான் வந்தது. அன்றாடங்காய்ச்சிக்கும் ஏடு போடலாம் என்று காட்டிய சட்டம் அது.

ஈ.எஸ்.ஐ. திட்டத்துக்கு மூலவர் பேராசிரியர் பி.பி. அதார்கர். 1944-ல் அறிக்கை கொடுத்தார். 1952 பிப்ரவரி 24-ந் தேதி கான்பூரில் நேரு திட்டத்தைத் தொடங்கிவைத்தார். முதல் காப்பீட்டாளர் என்ற கௌரவமும் அவருக்கே. கான்பூரும் டில்லியும் சேர்ந்து 1,20,000 தொழிலாளர்கள் அப்போது திட்டத்தில் இருந்தார்கள். பம்பாய்க்கு 1954-ல், கோயம்புத்தூருக்கு 1955-ல் திட்டம் வந்தது.

ஈ.எஸ்.ஐ. என்றால் மருந்துக்கு நீண்ட வரிசை என்றுதான் பலருக்கு நினைப்பு. நோயால் படுத்தால் சம்பளத்தில் 70 சதவீதம், ஓராண்டில் 91 நாள் வரை கிடைக்கும் என்பதைப் பலர் கேட்டு வாங்குவதில்லை. ஆனால் ஆறு மாதக் கணக்கில் 78 நாளாவது சந்தா ஏறியிருக்க வேண்டும். வேலையில் அடிபட்டால் இந்த 78 நாள் நிபந்தனை கிடையாது. சேர்ந்த முதல் நாளே உரிமை உண்டு. அடிபட்ட பிறகு அவசர அவசரமாகப் பெயரைப் பதியும் கம்பெனிகள் உண்டு என்பது வேறு விஷயம்.

பி.எப். கதை இன்னும் சுவையானது. 1951 நவம்பரில் அவசரச் சட்டம் போட்டு, 1952 மார்ச்சில் அதை முறையான சட்டமாக்கினார்கள். சந்தா சம்பளத்தில் 6¼ சதவீதம். இது என்ன விசித்திரமான கணக்கு என்று இந்தக்கால இளைஞர்கள் கேட்கலாம். ரூபாய்க்குப் பதினாறு அணா இருந்த காலம் அது. ரூபாய்க்கு ஓரணா என்றால் 6¼ சதவீதம். தொழிலாளி ஓரணா போட்டால் முதலாளியும் ஓரணா போட வேண்டும்.

ஆரம்பத்தில் ஆறே தொழில்களுக்குத்தான் இந்தச் சலுகை. சிமெண்டு, சிகரெட், என்ஜினீயரிங், இரும்பு-உருக்கு, காகிதம், துணி. அதிலும் 50 பேருக்கு மேல் வேலை செய்யும் இடம் மட்டும். பம்பாயில் துணிமில் தொழிலாளி உள்ளே வந்தார். தாராவியில் தோல் பதனிட்டவரும், மாட்டுங்கா ஓட்டலில் இட்லி மாவு ஆட்டியவரும் வெளியே நின்றார்கள். பிறகு ஒவ்வொரு தொழிலாகச் சேர்த்துக்கொண்டே வந்தார்கள். 50 என்பது 1960-ல் 20 ஆயிற்று. சந்தா எட்டு, பத்து என்று ஏறி 1997-ல் 12 சதவீதமாயிற்று.

இருபது பேர் என்ற கோடு விழுந்ததும், பத்தொன்பது பேரை மட்டும் ஏட்டில் எழுதும் கெட்டிக்காரத்தனமும் கூடவே பிறந்தது.

கிரி விலகினார்

1952-ல் முதல் பொதுத் தேர்தல் முடிந்து அமைந்த மந்திரிசபையில் வி.வி. கிரி தொழிலாளர் மந்திரி. பழைய ரெயில்வே சங்கக்காரர். வங்காள-நாகபுரி ரெயில்வேயில் தொழிலாளரைத் திரட்டியவர். 1937-ல் ராஜாஜி சென்னையில் அமைத்த மந்திரிசபையிலும் தொழிலாளர் பொறுப்பு அவரிடம்தான் இருந்தது. கோர்ட்டுக்கும் டிரிபியூனலுக்கும் ஓடுவதைவிட முதலாளியும் சங்கமும் நேருக்கு நேர் பேசித் தீர்க்க வேண்டும் என்பது அவர் கட்சி. 'கிரி வழி' என்றே அதற்குப் பெயர் வந்தது.

அப்போது பாங்கு குமாஸ்தாக்களின் சம்பளத் தகராறு பெரிதாக இருந்தது. பஞ்சாபகேச சாஸ்திரி தலைமையிலான டிரிபியூனல் 1953-ல் தீர்ப்புச் சொன்னது. அப்பீல் டிரிபியூனல் 1954-ல் ஊழியருக்குச் சற்று சாதகமாக மாற்றியது. பாங்குகளால் தாங்க முடியாது என்று சொல்லி அந்தத் தீர்ப்பைச் சர்க்கார் வெட்டியது. தம் இலாகாவின் கீழ் நடந்த விசாரணையின் முடிவைத் தம் சர்க்காரே வெட்டுவதா என்று கிரி 1954 ஆகஸ்டில் ராஜினாமா செய்தார்.

பிறகு சர்க்கார் கஜேந்திரகட்கர் கமிஷனிடம் அதை ஒப்படைத்தது. ஊழியருக்குக் கிடைத்ததில் பெரும்பகுதி 1955-ல் திரும்ப வந்தது. அந்த அமைச்சகத்தின் நாற்காலியில் எத்தனையோ பேர் உட்கார்ந்து எழுந்திருக்கிறார்கள். குமாஸ்தாக்களின் சம்பளத்துக்காக எழுந்து வெளியே போனவர் கிரி. 1969-ல் அவர் ஜனாதிபதியானார். நோய்டாவிலுள்ள தேசியத் தொழிலாளர் ஆய்வு நிலையத்துக்கு இன்று அவர் பெயர்.

குன்னூர்க் கணக்கு

1957 ஜூலையில் குல்சாரிலால் நந்தா மந்திரியாக இருந்தபோது கூடிய 15-வது தொழிலாளர் மாநாடு, குறைந்தபட்சக் கூலிக்கு ஒரு கணக்குப் போட்டது. ஒரு தொழிலாளியின் சம்பளம் மூன்று பேர் அளவுக்கான சாப்பாட்டுக்குப் போதவேண்டும். ஆளுக்கு நாளொன்றுக்கு 2,700 கலோரி. நால்வர் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 72 கெஜம் துணி. வீட்டு வாடகை. விறகு, விளக்கு முதலியவற்றுக்கு மொத்தத்தில் 20 சதவீதம்.

இந்தச் சாப்பாட்டுக் கணக்குக்கு ஆதாரமாக மாநாடு காட்டிய பெயர் டாக்டர் அய்க்ராய்டு. நீலகிரி குன்னூரில் இருந்த உணவு ஆராய்ச்சி நிலையத்தின் டைரக்டராக இருந்தவர் அவர். ஆக, இந்தியத் தொழிலாளிக்கு எவ்வளவு சோறு வேண்டும் என்று கணித்த மனிதர் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே உட்கார்ந்து வேலை பார்த்தவர்.

மாநாட்டில் சர்க்காரும் சேர்ந்துதான் ஒப்புக்கொண்டது. ஆனால் தன் சொந்த ஊழியர்கள் அதே கணக்கைக் கேட்டபோது, அது எங்களைக் கட்டுப்படுத்தாது என்று நிதி அமைச்சகம் இரண்டாவது சம்பளக் கமிஷனிடம் சொல்லிவிட்டது. 1960 ஜூலையில் ரெயில்வே, தபால் உள்பட மத்திய அரசு ஊழியர்கள் ஐந்து நாள் வேலைநிறுத்தம் செய்ததற்கு இதுவும் ஒரு காரணம். 1991-ல் சுப்ரீம் கோர்ட்டு, பிள்ளைகளின் படிப்பு, வைத்தியம், கல்யாணம், முதுமை ஆகியவற்றுக்கு இன்னும் 25 சதவீதம் சேர்க்க வேண்டும் என்றது.

அமைச்சகத்தின் பெயர்ப்பலகையும் இந்த ஆண்டுகளில் பலமுறை மாறியது. சில காலம் 'வேலைவாய்ப்பு' ஒட்டிக்கொண்டது. சில காலம் 'புனர்வாழ்வு'. இலங்கையிலிருந்தும் பர்மாவிலிருந்தும் திரும்பிய நம்மவர்களின் மறுவாழ்வு விவகாரங்கள் அந்தப் புனர்வாழ்வுப் பகுதியில்தான் வந்தன.

எழுபதுகளில் மறுபடியும் சட்டங்களின் வரிசை. 1970-ல் காண்டிராக்டு தொழிலாளர் சட்டம். 1972-ல் ஐந்தாண்டு வேலை செய்தவருக்குக் கிராஜுவிட்டி. 1976-ல் கொத்தடிமை ஒழிப்பு. அதே ஆண்டு பீடித் தொழிலாளர் நல நிதி. திருநெல்வேலிச் சீமையில் வீட்டுத் திண்ணையில் முறம் வைத்துப் பீடி சுற்றிய பெண்களுக்கு அடையாள அட்டையும் பிள்ளைகளுக்கு ஸ்காலர்ஷிப்பும் கிடைத்தது இந்த நிதியால்தான். 2017-ல் ஜி.எஸ்.டி. வந்தபோது நிதிக்கு ஆதாரமான பீடி வரி நின்றது.

தமிழில் ஒரு பாஸ் புத்தகம்

மும்பைத் தமிழர்கள் முக்கியமாக அறிய வேண்டிய சட்டம் 1979-ல் வந்தது. மாநிலம் விட்டு மாநிலம் போகும் தொழிலாளர் சட்டம். ஜனதா சர்க்காரில் ரவீந்திர வர்மா தொழிலாளர் மந்திரி. ஒரிசாவில் 'தாதன்' என்று முன்பணம் கொடுத்துத் தொலைதூரக் கட்டுமான வேலைக்கு ஓட்டிப்போன ஏழைகளின் கதிதான் இந்தச் சட்டத்துக்குக் காரணம். 1980 அக்டோபர் 2-ந் தேதி அமலுக்கு வந்தது.

ஏட்டில் அது அருமையான சட்டம். வேலைக்கு அழைத்துவரும்போது அரை மாதச் சம்பளம் அல்லது 75 ரூபாய், இதில் எது அதிகமோ அதை இடப்பெயர்ச்சிப் படியாகக் கொடுக்க வேண்டும். அதைத் திருப்பிக் கேட்கக்கூடாது. போகவர ரெயில் செலவு. தங்க இடம். வைத்தியம். எல்லாவற்றுக்கும் மேலாக, போட்டோ ஒட்டிய ஒரு பாஸ் புத்தகம். அதில் சம்பளம், வேலை, பிடித்தம் எல்லாம் இந்தியிலும் ஆங்கிலத்திலும் இருக்க வேண்டும். தொழிலாளியின் தாய்மொழி வேறாக இருந்தால் அந்த மொழியிலும் இருக்க வேண்டும். அதாவது, தமிழனுக்குத் தமிழில்.

அந்தப் பாஸ் புத்தகத்தைக் கண்ணால் பார்த்தவர் மும்பையில் எத்தனை பேர்? சட்டத்தின் ஒரு சொல்லில் சூட்சுமம் இருந்தது. காண்டிராக்டர் மூலம் 'திரட்டப்பட்டு' வந்தவருக்கே அது பொருந்தும். அப்படிப்பட்டவர்கள் ஐந்து பேராவது இருக்க வேண்டும். நம்மவர்கள் வந்தது எப்படி? மாமாவின் கடுதாசியை நம்பி, சித்தப்பாவின் விலாசத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, தாதர் ஸ்டேஷனில் இறங்கியவர்கள். மேஸ்திரி நம் ஊர்க்காரர். அவர் லைசென்ஸ் வாங்கிய காண்டிராக்டர் அல்ல. ஆகவே சட்டத்தின் கண்ணுக்கு இவர்கள் தாமாக வந்தவர்கள்!

பத்து ஆண்டும் ஒரு பாரமும்

1995 நவம்பர் 16 முதல் பி.எப். உறுப்பினர்களுக்கு மாதப் பென்ஷன் வந்தது. முதலாளியின் பங்கில் 8.33 சதவீதம் இதற்குப் போகிறது. பென்ஷன் வாங்கப் பத்து ஆண்டு சர்வீஸ் வேண்டும். சம்பள உச்சவரம்பு 2014 செப்டம்பரில் 15,000 ஆக்கப்பட்டது. குறைந்தபட்சப் பென்ஷன் 1,000 ரூபாய் என்றதும் அப்போதே. இன்றைய விலைவாசியில் ஆயிரம் ரூபாய் எந்த மூலைக்கு என்று சங்கங்கள் கேட்டுக்கொண்டே இருக்கின்றன. கேட்பதில் நியாயம் இருக்கிறது.

ஒருவர் ஒரு கம்பெனியில் ஆறு ஆண்டு, இன்னொன்றில் ஐந்து ஆண்டு, உச்சவரம்புச் சம்பளத்தில் வேலை செய்தார் என்று வைத்துக்கொள்வோம். முதல் கம்பெனியை விட்டதும் தங்கை கல்யாணத்துக்கென்று 10-சி பாரம் கொடுத்துப் பென்ஷன் பணத்தையும் வழித்தெடுத்துவிட்டால், அவர் சர்வீஸ் ஐந்துதான். பென்ஷன் கிடையாது. அதே கணக்கைப் புதுக் கம்பெனிக்கு மாற்றியிருந்தால் பதினோரு ஆண்டு. 15,000-ஐப் பதினொன்றால் பெருக்கி 70-ஆல் வகுத்தால், 58 வயதிலிருந்து மாதம் 2,357 ரூபாய்.

வேலை மாறுகிறவனுக்குக் கணக்கு மாற்றுவது முன்பு பெரும்பாடு. பழைய முதலாளியின் கையெழுத்து வேண்டும். அவர் கம்பெனியை மூடிவிட்டு எங்கோ போயிருப்பார். இப்படிக் கேட்பாரற்றுக் கிடந்த பி.எப். பணம் 27,000 கோடி ரூபாய் என்று 2014 அக்டோபரில் பிரதமர் மோடியே குறிப்பிட்டார். அப்போதுதான் ஆளுக்கு ஒரே எண் என்ற யு.ஏ.என். முறை வந்தது. ஏடு முதன்முறையாக முதலாளியை விட்டுத் தொழிலாளியின் பின்னால் வரத் தொடங்கியது.

கணக்கு இல்லாத கூட்டம்

2020 மார்ச் 25-ந் தேதி கொரோனாவுக்காக நாடே பூட்டப்பட்டது. ரெயில் நின்றது. மும்பை, சூரத், டில்லியிலிருந்து மக்கள் நடக்கத் தொடங்கினார்கள். ஏப்ரல் 8-ந் தேதி தலைமைத் தொழிலாளர் கமிஷனர், சிக்கிக்கொண்ட வெளிமாநிலத் தொழிலாளரை மூன்று நாளில் கணக்கெடுக்கும்படி பிராந்திய அலுவலகங்களுக்கு எழுதினார். 1979 சட்டப்படி ஏடு இருந்திருந்தால் எண்ண வேண்டிய வேலையே இருந்திராது.

அந்த ஆண்டு செப்டம்பர் 14-ந் தேதி லோக்சபாவில் கேள்வி வந்தது. ஊர் திரும்பியவர்கள் சுமார் ஒரு கோடியே 4 லட்சம் பேர் என்று அமைச்சகம் சொன்னது. வழியில் இறந்தவர்கள் எத்தனை பேர் என்ற கேள்விக்கு, அப்படி ஒரு கணக்கு வைக்கப்படவில்லை என்று எழுத்துமூலம் பதில் கொடுத்தது.

தொழிலாளரைப் பதிவு செய்வதில் அமைச்சகம் காட்டிய மெத்தனம் மன்னிக்க முடியாதது என்று 2021 ஜூன் 29-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு கண்டித்தது. இரண்டு மாதத்தில், ஆகஸ்டு 26-ந் தேதி, 'இ-சிரம்' பதிவு தொடங்கியது. பி.எப்., ஈ.எஸ்.ஐ. இல்லாத, 16 முதல் 59 வயது வரையுள்ள அமைப்புசாராத் தொழிலாளர் ஆதார் காட்டிப் பெயரைப் பதியலாம். வருமான வரி கட்டுபவர் சேர முடியாது. 2025-க்குள் 30 கோடிக்கு மேற்பட்ட பெயர்கள் ஏறிவிட்டன. அட்டை கையில் இருக்கிறது, இதனால் என்ன கிடைக்கும் என்பதுதான் கட்டிட வேலைத் தளங்களில் கேட்கும் பேச்சு.

29 போய் 4

பழைய மந்திரி ரவீந்திர வர்மா பிற்காலத்தில் இரண்டாவது தேசியத் தொழிலாளர் கமிஷனுக்குத் தலைமை வகித்து, இறைந்து கிடக்கும் சட்டங்களைச் சில தொகுப்புகளாகக் கட்டலாம் என்று 2002-ல் சிபாரிசு செய்தார். கூலித் தொகுப்பு 2019-லும், மற்ற மூன்று 2020-லும் பார்லிமெண்டில் நிறைவேறின. 2025 நவம்பர் 21-ந் தேதி நான்கும் அமலுக்கு வந்தன. 29 பழைய சட்டங்கள் அவற்றில் அடங்கின. 1926-ன் தொழிற்சங்கச் சட்டம், ஓரணாவில் தொடங்கிய பி.எப். சட்டம், கான்பூரில் தொடங்கிய ஈ.எஸ்.ஐ., 1979 சட்டம் எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. ஆள்குறைப்பு, வேலைநிறுத்தம் பற்றிய விதிகள் முதலாளிக்குச் சாதகம் என்று பெரிய சங்கங்கள் பல எதிர்க்கின்றன. சட்டம் எளிமையாகிறது என்பது சர்க்கார் தரப்பு.

நம்மவர்களுக்கு இதில் லாபமும் உண்டு, நஷ்டமும் உண்டு. தாமாக வந்து வேலை தேடிக்கொண்டவரும் வெளிமாநிலத் தொழிலாளர்தான் என்று சட்டம் இப்போது ஒப்புக்கொள்கிறது. தாதரில் இறங்கிய மருமகனும் இனி கணக்கில் உண்டு. ஆனால் மாதச் சம்பளம் 18,000-க்குள் இருக்க வேண்டும். சொந்த ஊர் போய்வர மொத்தமாக ஒரு பயணத்தொகை தர வேண்டும். குறைந்தபட்சக் கூலி எல்லா வேலைக்கும் பொருந்தும். பழைய இடப்பெயர்ச்சிப் படி மட்டும் போய்விட்டது.

தொழிலாளிக்கு நியமனக் கடிதம் கொடுத்தாக வேண்டும் என்பது பெரிதாகப் பேசப்படுகிறது. இது பாதுகாப்பு, வேலை நிலைமைத் தொகுப்பில் வருகிறது. அந்தத் தொகுப்பில் 'நிறுவனம்' என்றால் பொதுவாகப் பத்துப் பேராவது வேலை செய்யும் இடம். வெளிமாநிலத் தொழிலாளருக்கான பகுதிக்கும் அப்படிப்பட்ட தொழிலாளர் பத்துப் பேர் இருக்க வேண்டும். 1979-ல் இது ஐந்தாக இருந்தது. தாராவிச் சந்துகளில் இரும்பு ஏணி ஏறிப் போகும் மாடிப் பட்டறைகளில் ஆறு பேர், எட்டுப் பேர் தையல் மிஷின் முன் உட்கார்ந்திருக்கிறார்கள். அங்கே சம்பளக் கணக்கு இன்றைக்கும் முதலாளியின் மேஜை டிராயரில் கிடக்கும் நாற்பது பக்க நோட்டில்தான் இருக்கிறது.